அத்தியாயம் 7: டயர் எழுப்பும் சத்தம்

"புது டயர் போட்டதிலிருந்து வண்டி சத்தம் போடுது" என்பது ஒரு புகார். "முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடினப்புறம் சத்தம் வர ஆரம்பிச்சுது" என்பது இன்னொன்று. கேட்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முதலாவது டயரை வடிவமைத்தவரின் கணக்கு. இரண்டாவது பெரும்பாலும் அலைன்மென்ட்டையும் காற்றையும் கவனிக்காமல் விட்ட நம் கணக்கு. மூன்றாவது வகையும் உண்டு. டயரில் குறையே இருக்காது, வீல் பேரிங் முனகிக்கொண்டிருக்கும். நாலு டயரையும் மாற்றிப் பணத்தையும் கட்டிவிட்டு, வீடு திரும்பும் வழியில் அதே சத்தத்தைக் கேட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எனவே பர்ஸைத் திறக்கும் முன் எந்தச் சத்தம் என்று பிரித்தறிய வேண்டும். இந்த அத்தியாயம் அதற்குத்தான்.

சீரான வேகத்தில் 40, 50 கி.மீ.யைத் தாண்டிவிட்டால், இன்றைய கார்களில் வெளியே கேட்கும் சத்தத்தில் பெரும்பங்கு எஞ்சினுடையது அல்ல, டயருடையது. வேகம் இரட்டிப்பானால் டயர் சத்தம் ஏறக்குறைய 9 முதல் 12 டெசிபல் வரை ஏறும். டெசிபல் கணக்கில் 10 கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு உரக்கக் கேட்கும். தெருவில் 40-இல் போகும்போது காதிலேயே விழாதது, பைபாஸில் 80-ஐத் தொட்டதும் பின்சீட்டுப் பேச்சை மறைப்பது இதனால்தான். மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். டயர் அதே சத்தத்தைத்தான் போடுகிறது, அதை மூடிக்கொண்டிருந்த எஞ்சின் இப்போது இல்லை.

சத்தம் பிறக்கும் இடம்

டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அந்தச் சின்னப் பரப்பில் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கின்றன. முன்விளிம்பில் ட்ரெட்டின் ரப்பர் கட்டிகள், டயர் கடைக்காரர் 'பட்டன்' என்கிறாரே, அவை ஒவ்வொன்றாகத் தரையில் வந்து அறைகின்றன. அந்த அறைச்சலில் டயரின் உடலே அதிர்கிறது. கட்டிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் இருக்கும் காற்று, டயர் அமுங்கும்போது பிதுங்கி வெளியேறுகிறது. பின்விளிம்பில் பள்ளம் மறுபடி விரியும்போது காற்று உள்ளே பாய்கிறது. தரையில் ஒட்டியிருந்த ரப்பர் பின்விளிம்பில் விடுபடும்போது வழுக்கியும் சுண்டியும் தனிச் சத்தம் எழுப்புகிறது.

இவை எல்லாமே சின்னச் சத்தங்கள். அவற்றைப் பெரிதாக்குவது டயரின் உருவம். வளைந்த டயரும் தட்டையான சாலையும் சந்திக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் ஒடுங்கித் தொடங்கி விரிந்துகொண்டே போகும் ஓர் இடைவெளி இருக்கிறது. நாதஸ்வரத்தின் அணசு செய்கிற வேலையை அந்த இடைவெளி செய்கிறது. குறுகிய இடத்தில் பிறந்த ஒலியை அள்ளி வெளியே வீசுகிறது. சில அதிர்வெண்களில் 10 முதல் 20 டெசிபல் வரை இதனால் கூடுவதை அளந்திருக்கிறார்கள். டயரை வட்டமாகச் செய்யாமல் இருக்க முடியாது என்பதால் வடிவமைப்பாளர்கள் இதில் பெரிதாகக் கை வைக்க முடிவதில்லை. டயர் அகலமானால் இந்த விளைவும் கூடும். அலாய் வீல் மாற்றுகிறேன் என்று கம்பெனி கொடுத்ததைவிட இரண்டு அளவு அகலமான டயரைப் போட்டுக்கொண்டு, சத்தம் வருகிறது என்று சொல்கிறவர்களுக்கு இதற்கு மேல் பதில் இல்லை.

சுற்றுவாட்டில் ஓடும் நீளமான பள்ளங்களுக்கு இன்னொரு குணம் உண்டு. தரையில் பதிந்திருக்கும் நேரத்தில் அந்தப் பள்ளம் இரு முனையும் திறந்த ஒரு குழாய். பதியும் நீளம் 15 செ.மீ. என்றால் அந்தக் குழாயின் ஒலி 1,100 ஹெர்ட்ஸ் சொச்சத்தில் வந்து நிற்கும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் இந்தச் சுருதி மாறுவதில்லை. வேகத்தோடு சுருதி ஏறினால் அது ட்ரெட் கட்டிகளின் வேலை. இது பின்னால் நோய் கண்டுபிடிக்க உதவும்.

காரின் டயர் சத்தம் பெரும்பாலும் 800 முதல் 1,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உச்சத்துக்குப் போகிறது. கட்டிகளின் அறைச்சல், பள்ளக் குழாய், அணசு விளைவு எல்லாமே ஏறக்குறைய அதே இடத்தில் வந்து குவிவதுதான் காரணம் என்று ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் உல்ஃப் சாண்ட்பெர்க் எடுத்துக்காட்டினார். மனிதக் காது நன்றாகக் கேட்கும் பகுதிக்குள்தான் அதுவும் வருகிறது. நம் கெட்ட நேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பள்ளக் குழாயை அடக்க ஒரு கெட்டிக்கார வழி இருக்கிறது. பெரிய பள்ளத்தின் ஓரத்தில், பக்கத்து ரப்பர் பட்டையில், ஒரு முனை மூடிய சின்னக் கிளைப் பள்ளங்களை வெட்டுகிறார்கள். அதன் நீளத்தைச் சரியாகக் கணக்கிட்டால் பெரிய பள்ளத்தின் ஒலியை அது எதிர்த்துத் தின்றுவிடும். பிரிட்ஜ்ஸ்டோன் தன் உயர்ரக டயர்களில் இதைச் செய்கிறது. கடையில் தொங்கும் டயரைக் கையில் எடுத்துப் பார்த்தால், எங்கும் போய்ச் சேராமல் பாதியில் நிற்கும் மெல்லிய கோடுகள் தெரியும். அலங்காரத்துக்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள்

கட்டிகளின் அறைச்சலை அடக்கும் வழியை நீங்களே வீட்டு வாசலில் அளந்து பார்க்கலாம். நிறுத்தியிருக்கும் காரின் முன்சக்கரத்தைத் திருப்பி, ட்ரெட்டின் ஓரத்துக் கட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஸ்கேலால் அளந்து பாருங்கள். எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒன்று குட்டையாக, அடுத்தது சற்று நீளமாக, மூன்றாவது அதைவிட நீளமாக, மறுபடி குட்டையாக வரும். சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அளந்தால்தான் தெரியும். பொதுவாக மூன்று முதல் ஐந்து வேறு நீளங்கள் இருக்கும். அவை வரும் வரிசையில் ஒழுங்கு எதுவும் தென்படாது. ஆனால் அந்த ஒழுங்கின்மையைக் கணினியில் உட்கார்ந்து கணக்கிட்டுத்தான் உண்டாக்கியிருக்கிறார்கள்.

காரணத்தை எண்ணில் பார்ப்போம். நம் ஊர் செடான்களில் சிலவற்றில் வரும் 205/55 ஆர்16 அளவை எடுத்துக்கொள்வோம். ரிம் 16 அங்குலம், அதாவது 406 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் 205-இல் 55 சதவீதம், சுமார் 113 மி.மீ. மேலும் கீழும் சேர்த்தால் டயரின் விட்டம் 632 மி.மீ., சுற்றளவு கிட்டத்தட்ட 2 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர், ஆக டயர் நொடிக்கு 11 சுற்று சுற்றுகிறது. சுற்றில் 70 கட்டிகள் சம நீளத்தில் இருந்தால் நொடிக்கு 780 தடவை, இம்மி பிசகாத இடைவெளியில் அறை விழும். அது ஊளையாகக் கேட்கும். நீளங்களைக் கலைத்துப் போட்டால் அதே ஆற்றல் 780-ஐச் சுற்றிப் பரவலாகச் சிதறும், சாதாரண இரைச்சலாகக் கேட்கும்.

கவனியுங்கள், மொத்தச் சத்தம் இதனால் அவ்வளவாகக் குறைவதில்லை. மீட்டரில் எண் ஏறக்குறைய அதேதான் காட்டும். காதுக்குத்தான் நிம்மதி. டயர் சத்தத்தை டெசிபலில் மட்டும் அளக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இதோடு, இடப்பக்கக் கட்டிகளையும் வலப்பக்கக் கட்டிகளையும் ஒரே கணத்தில் தரையில் விழாதபடி முன்பின்னாகத் தள்ளி வைப்பார்கள். குறுக்குப் பள்ளங்களைச் சாய்வாக வெட்டுவார்கள். அப்போது கட்டியின் விளிம்பு மொத்தமாக அறையாமல் ஓரத்திலிருந்து படிப்படியாகத் தரையில் பதியும். சேற்றுக்கும் மலைப்பாதைக்கும் என்று வரும் டயர்களில் இந்தச் சலுகைக்கு இடம் குறைவு. பெரிய கட்டி, அகலப் பள்ளம். மாதம் ஒருமுறை கூட மண்ரோட்டில் இறங்காத எஸ்யூவிக்கு அந்த டயரைப் போட்டால் பார்க்க மிடுக்காக இருக்கும். தினமும் கேட்கப்போவது அதன் உறுமலைத்தான்.

டயருக்குள் அடைபட்ட காற்று

இதுவரை சொன்னது வெளியே பிறக்கும் ஒலி. உள்ளே ஒன்று இருக்கிறது. கழற்றி வைத்த, காற்று நிரம்பிய சக்கரத்தை முஷ்டியால் ஓங்கித் தட்டிக் காதைக் கொடுங்கள். தட்டின சத்தம் அடங்கிய பிறகும் மெல்லிய 'ங்' ஒன்று நீளும். டயருக்குள் வளையமாக இருக்கும் காற்று தன் சொந்தச் சுருதியில் அதிர்வதுதான் அது. மேலே சொன்ன அதே டயரில் ரிம்முக்கும் ட்ரெட்டுக்கும் நடுவே காற்று வளையத்தின் சராசரி விட்டம் 519 மி.மீ., சுற்றளவு 1.63 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். வகுத்தால் 210 ஹெர்ட்ஸ். கார் டயர்கள் பெரும்பாலானவற்றில் இது 200-ஐ ஒட்டியே வரும்.

பாலத்தின் இணைப்பு மூட்டையோ சின்னப் பள்ளத்தையோ தாண்டும்போது 'டொம்' என்ற அடிக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் இழுபடுவது இதனால்தான். இது காற்று வழியாக ஜன்னலைத் தாண்டி வருவதில்லை. ரிம், அச்சு, சஸ்பென்ஷன், பாடி என்று இரும்பு வழியாக ஏறி உள்ளே வருகிறது. எனவே கண்ணாடியைத் தடிமனாக்கினாலும், கதவு ரப்பரை மாற்றினாலும் இது அசையாது.

இதற்கு இரண்டு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று, டயரின் உட்புறத்தில் ட்ரெட்டுக்கு அடியில் இரண்டு மூன்று செ.மீ. தடிமனுக்கு பாலியூரித்தேன் பஞ்சுப் பட்டையைச் சுற்றிலும் ஒட்டுவது. கான்டினென்டல் இதைக் கான்டிசைலன்ட் என்கிறது, பிரெல்லி பி.என்.சி.எஸ். என்கிறது, மிஷெலின் அகூஸ்டிக் என்கிறது, ஹான்கூக் சவுண்ட் அப்சார்பர் என்கிறது. பெயர்தான் வேறு. காற்று வளையத்தின் அதிர்வைப் பஞ்சு உறிஞ்சிக்கொள்கிறது. டெஸ்லா போன்ற மின்சாரக் கார்களில் தொழிற்சாலையிலேயே இப்படிப்பட்ட டயர்கள் வருகின்றன. இரண்டாவது வைத்தியம் ஹோண்டாவினுடையது. டயரை விட்டுவிட்டு ரிம்மில் கை வைத்தார்கள். ரிம்மின் உள்வளைவில் சின்னத் துளையுள்ள வெற்று அறைகளைப் பொருத்தி, அந்த 200 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியை அதற்குள் அடைத்துவிடுகிறார்கள். லெஜண்ட், அக்கார்டு மாடல்கள் சிலவற்றில் இந்த ரிம் வந்தது. என் பார்வையில் ஹோண்டாவின் வழி நேர்த்தியானது. டயர் தேய்ந்தால் தூக்கி எறிகிறோம், ரிம் வண்டி உள்ளவரை இருக்கிறது. ஆனால் டயர் நிறுவனத்துக்கு விற்க வேண்டியது டயர் அல்லவா? சந்தையில் பஞ்சு பரவிய அளவுக்கு ரிம் பரவவில்லை.

லேபிளில் உள்ள எண் யாருக்கு?

ஐரோப்பாவில் 2012 நவம்பரிலிருந்து கார் டயருக்கு லேபிள் கட்டாயம். 2021 மே மாதம் அதன் வடிவம் புதுப்பிக்கப்பட்டது. எரிபொருள் சிக்கனம், ஈரச்சாலைப் பிடிப்பு ஆகியவற்றோடு சத்தமும் டெசிபலில் அச்சாகியிருக்கும், பக்கத்தில் ஏ, பி, சி என்று ஒரு தரம். அந்த அகலத்துக்கு விதிக்கப்பட்ட வரம்பைவிட 3 டெசிபலோ அதற்கு மேலோ குறைவாக இருந்தால் ஏ. வரம்பு டயரின் அகலத்தைப் பொறுத்தது. 185 மி.மீ. வரை 70 டெசிபல், அதற்கு மேல் 245 வரை 71, 275 வரை 72, அதையும் தாண்டினால் 74. மூன்று டெசிபல் என்றால் ஒலியாற்றலில் பாதி. சின்ன எண் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள்? தனித் தடத்தில், குறிப்பிட்ட நுண்ணிய தார்த் தளத்தில், எஞ்சினை அணைத்துவிட்டு 80 கி.மீ. வேகத்தில் காரை உருள விடுகிறார்கள். பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் வைத்த மைக் அதைக் கேட்கிறது. அதாவது இது சாலையோரத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்கான எண். உள்ளே உட்கார்ந்து ஓட்டும் உங்களுக்கான எண் அல்ல. லேபிளில் ஏ வாங்கிய டயர் உங்கள் காருக்குள் ரீங்கரிக்கலாம். பஞ்சு ஒட்டிய டயரும் ஒட்டாத அதே டயரும் லேபிளில் ஒரே எண்ணைக் காட்டினாலும் வியப்பில்லை. பஞ்சு அடக்குவது 200 ஹெர்ட்ஸை, மைக் பெரிதும் கேட்பது 1,000 ஹெர்ட்ஸை.

இந்தியாவிலும் விதி வந்துவிட்டது. ஐ.நா.வின் 117-ஆம் விதிமுறையை ஒட்டிய ஏ.ஐ.எஸ். 142 தரத்தை 2022-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கட்டாயமாக்கியது. புதிய வடிவமைப்புகளுக்கு அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023-இல். உருளும் சத்தம், ஈரப்பிடிப்பு, உருளும் தடை மூன்றையும் அது பார்க்கிறது. ஐரோப்பாவுக்கும் செல்லும் டயராக இருந்தால் பக்கச்சுவரில், வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும், அதையடுத்த நீண்ட எண்ணின் முடிவில் ஆங்கிலத்தில் எஸ்2, டபிள்யூ, ஆர்2 என்ற எழுத்துகளும் இருக்கும். எஸ் என்பது சத்தத்துக்கானது, 2 என்பது கடுமையாக்கப்பட்ட இரண்டாம் கட்ட வரம்பு. கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே.வும் சியட்டும், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். என்று சென்னையைச் சுற்றி டயர் தொழிற்சாலைகள் நிறைந்த மாநிலத்தில் இருக்கிறோம். ஆனாலும் கவுண்டரில் நடக்கும் பேச்சு இப்படித்தான்:

"அண்ணே, சத்தம் இல்லாம ஓடுற டயர் எது?"

"இதைப் போடுங்க சார், வெண்ணெய் மாதிரி ஓடும். நாலையும் மாத்திருங்க."

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. சுங்கச்சாவடியை நெருங்கும்போது டயரின் சத்தம் சட்டென்று மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே தளம் தாரிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறுகிறது, வழுக்காமல் இருக்க அதில் குறுக்குக் கோடுகள் இழுத்திருப்பார்கள். அந்தக் கோடுகள் சம இடைவெளியில் இருந்துவிட்டால் எந்த டயரும் ஊளையிடும். கட்டிகளின் நீளத்தைக் கலைத்ததைப் போலவே கோடுகளின் இடைவெளியையும் கலைக்க வேண்டும், அல்லது நீளவாட்டில் இழுக்க வேண்டும். நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் உள்ள வித்தியாசம் சில டெசிபல்தான். மோசமான தளத்துக்கும் நல்ல தளத்துக்கும் 10 டெசிபலுக்கு மேல் போகும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2003-இல் ஃபீனிக்ஸ் நகரத்து நெடுஞ்சாலைகளில் பழைய டயரைப் பொடித்துக் கலந்த தாரைக் கான்கிரீட்டின் மேல் போர்த்தி, சத்தத்தைக் குறைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தேய்ந்த டயர் ஓடும் டயரின் வாயை அடைத்தது. நம் கையில் சாலை இல்லை, டயர்தான் இருக்கிறது. மேலே போவோம்.

பேரிங்கா, டயரா?

காலியான, நேரான, அகலமான சாலை வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து காதை மட்டும் வேலைக்கு விட்டால் நல்லது. ஏ.சி. விசிறியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, சத்தம் நன்றாகக் கேட்கும் வேகத்தைப் பிடியுங்கள்.

முதலில் தளம் மாறும் இடத்தைத் தேடுங்கள். சொரசொரப்பான தாரிலிருந்து வழுவழுப்பான புதுத் தாருக்குப் போகும்போது சத்தத்தின் குணம் மாறினால் டயர். எந்தத் தளத்திலும் ஒரே மாதிரி முனகினால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். அடுத்து, முன்பின் வண்டி இல்லாதபோது ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமுமாக அலையவிடுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது முனகல் கூடி, எதிர்ப்பக்கம் திரும்பும்போது அடங்கினால் இடப்பக்கப் பேரிங் போய்விட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். டயர் சத்தம் இதற்கெல்லாம் அவ்வளவாக அசைந்து கொடுக்காது. எஞ்சினா கியர்பாக்ஸா என்று பிரிக்க ஒரு கணம் நியூட்ரலில் உருளவிடலாம், சமதரையில் மட்டும். ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கவே கூடாது. பவர் ஸ்டியரிங்கும் பிரேக்கின் உதவியும் அதோடு போய்விடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் முன்டயர்களைப் பின்னாலும் பின்டயர்களை முன்னாலும் மாற்றச் சொல்லுங்கள். சத்தம் இடம் மாறிப் போனால் குற்றவாளி டயர். இது ஏதோ சில நூறு ரூபாய் வேலை. டயர் கடையில் யாரும் தானாக முன்வந்து சொல்லமாட்டார்கள்.

கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவை காட்டும் எண்ணை வேதவாக்காக எடுக்காமல், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொண்டால் பயன்படும். அதே சாலை, அதே வேகம், முடிந்தால் அதே நேரம். வெயிலில் ரப்பர் இளகும்போது சத்தம் சற்றுக் குறையும், அதிகாலையில் கூடும். ஒரு நுணுக்கம்: செயலிகள் பொதுவாக, காது கேட்கும் விதத்தை ஒட்டித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் 'ஏ' எடையில் அளக்கின்றன. அந்தக் கணக்கில் 200 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 11 டெசிபல் வரை கழிந்துவிடும். ரீங்காரம்தான் உங்கள் பிரச்சினை என்றால் 'சி' எடைக்கு மாற்றி அளந்து பாருங்கள்.

உள்ளங்கையால் பாருங்கள்

முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு வரும் சத்தத்துக்கு முதல் பரிசோதனைக் கருவி கை. வண்டியை நிறுத்தி, டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, ட்ரெட்டின் மேல் சுற்றுவாட்டில் உள்ளங்கையை ஒரு பக்கமாகத் தடவுங்கள். பிறகு எதிர்ப்பக்கமாக. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், எதிர்த்திசையில் ஒவ்வொரு கட்டியின் முனையும் கையைக் கீறினால் அது ரம்பத் தேய்மானம். கட்டியின் ஒரு முனை அதிகமாகவும் மறுமுனை குறைவாகவும் தேய்ந்திருக்கிறது. முன்சக்கரத்தில் இழுக்கும் கார்களில் இது பின்டயர்களில்தான் அதிகம். ஓட்டுகிறவர் பின்னாலிருந்து வரும் உறுமலைக் கேட்டுவிட்டு பேரிங் என்று நினைப்பதும் இதைத்தான். டோ அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம், பிசகியிருப்பதும், டயர்களை இடம் மாற்றாமல் விட்டதும் வழக்கமான காரணங்கள்.

ட்ரெட்டில் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்து, கை மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கினால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். பேலன்ஸிங்கும் காரணமாகலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நிமிர்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

ரம்பத் தேய்மானத்தை ஆரம்பத்திலேயே பிடித்தால் திருத்த முடியும். திசை அம்பு இல்லாத டயர்களைக் குறுக்காக மாற்றி, சுழலும் திசை எதிராகும்படி போட்டால், நீண்டு நிற்கும் முனைகள் சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்து சமமாகும். முதல் சில நாள் சத்தம் இன்னும் கூடுவதுபோலத் தோன்றும், பயப்பட வேண்டாம். அம்புக்குறி உள்ள டயராக இருந்தால் அதே பக்கத்தில் முன்பின் மட்டுமே மாற்ற முடியும். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே வந்தால் இந்தப் பாட்டைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அலைன்மென்ட் செய்தால் பிரிண்ட் அவுட் கேளுங்கள், பின்சக்கரங்களின் டோ எண்ணும் அதில் இருக்க வேண்டும். முன்னால் மட்டும் பார்த்து அனுப்புகிற கடைகள் உண்டு.

டயர் கிழடானாலும் சத்தம் கூடும். ரப்பர் இறுகிப்போகிறது. பக்கச்சுவரில் 'டாட்' எழுத்துகளுக்குப் பின்வரும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பட்டன் நன்றாக இருக்கிறது என்று இரண்டு வருடம் ஸ்டாக்கில் கிடந்த டயரைத் தள்ளுபடியில் கொடுத்தால் யோசித்து வாங்குங்கள்.

வாங்கும்போது

உங்கள் தொல்லை ஊளையா, உறுமலா, ரீங்காரமா என்று இதற்குள் தெரிந்திருக்கும். ஊளையும் உறுமலும் என்றால் ட்ரெட் வடிவம்தான் முக்கியம். ஓரத்துக் கட்டிகள் சிறியதாக, பள்ளங்கள் சாய்வாக, நடுவில் தொடர்ச்சியான பட்டை உள்ள நெடுஞ்சாலை டயரைத் தேடுங்கள். ரீங்காரம் என்றால் பஞ்சு ஒட்டியது. வெளியே ஆயிரம் சொன்னாலும் கம்பெனி குறித்த அளவைத் தாண்டாதீர்கள். அகலத்தை ஓர் அளவு குறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கார் நிறுவனமே அந்த மாடலுக்கு இரண்டு அளவுகளைக் குறித்திருந்தால் மட்டும் குறைக்கலாம். சுமைக் குறியீடு ஒத்துப்போக வேண்டும்.

சத்தத்துக்காக ஈரப்பிடிப்பை விட்டுக்கொடுக்காதீர்கள். பள்ளமே இல்லாத டயர் சத்தத்தில் நல்ல பிள்ளையாகக்கூட நடந்துகொள்ளலாம். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய சாலையில் 80-இல் போகும்போது அந்தத் தண்ணீரை வெளியேற்றுவது பள்ளம்தான். பள்ளத்துக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும் தேய்மான மேட்டைத் தொடும்வரை காத்திருக்காமல், மழைக்காலத்துக்கு முன்பே மாற்றுகிறவர் புத்திசாலி.

கார் அலங்காரக் கடைகள் கதவுக்குள் ஒட்டும் கறுப்புத் தகடுகளை 'சவுண்ட் ப்ரூஃப்' என்று விற்கின்றன. கதவுத் தகரத்தின் அதிர்வுக்கும் ஸ்பீக்கருக்கும் அது நல்லது. டயர் சத்தத்துக்குக் காசு செலவழிக்க வேண்டிய இடம் சக்கர வளைவு. அங்கே பிளாஸ்டிக் லைனருக்குப் பதில் கம்பளி போன்ற ஃபெல்ட் லைனர் இருந்தால் கல் தெறிப்பதும் தண்ணீர் அடிப்பதும் ட்ரெட்டின் ஊளையும் நன்றாகவே குறையும். ரீங்காரத்தை அது தொடாது.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் புது ஜோடியைப் பின்னால் போடுங்கள். ஈரச்சாலையில் பின்பக்கம் வழுக்கிச் சுழலாமல் இருக்க அதுவே பாதுகாப்பு. முன்னுக்கு வந்த பழைய ஜோடி ரம்பமாகத் தேய்ந்திருந்தால் சத்தம் இப்போது காலடியிலிருந்து வரும், புது டயரைத் திட்ட வேண்டாம்.

பஞ்சு ஒட்டிய டயர் வாங்கினால், பஞ்சர் ஆனதும் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து குத்தும் டியூப்லெஸ் திரியை அவசரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். உள்ளேயிருந்து ஒட்டும் காளான் பேட்ச் என்றால் அந்த இடத்துப் பஞ்சை மட்டும் கத்தியால் சுத்தமாக அறுத்தெடுத்து, பரப்பைத் தேய்த்து, பேட்ச் போட வேண்டும். டயர் நிறுவனம் அதை அனுமதிக்கிறதா என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஊற்றும் பஞ்சர் திரவம் பஞ்சில் ஊறி ஒருபக்கமாகக் கனத்துவிடும், அதற்குச் சம்மதிக்காதீர்கள். எந்த வழியில் ஒட்டினாலும் அந்தச் சக்கரத்தை மறுபடி பேலன்ஸ் செய்து வாங்குங்கள்.